ஒரு தனிமம், பல உருவம்

நம் சங்கக் குடும்பங்களில் ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் பிள்ளைகள் 'அல்லோட்ரோப்' என்ற சொல்லை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். உதாரணம் கேட்டால் 'வைரம், கிராஃபைட்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிடுகிறார்கள். பரீட்சைக்கு அது போதும். ஆனால் இந்த ஒரு விஷயம் சமையலறையிலும், ரயில் தண்டவாளத்திலும், தீப்பெட்டியிலும் எப்படியெல்லாம் வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாடம் தானாக மனதில் நிற்கும். சில இடங்களில் உயிர் காக்கவும் உதவும்.

முதலில் தமிழ்ச் சொல். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இதைப் 'புறவேற்றுமை வடிவம்' என்கிறார்கள். இலங்கைப் பாடநூல்களில் 'பிறதிருப்பம்'. எனக்கு இரண்டாவது சொல் பிடித்திருக்கிறது. சொல்லச் சுருக்கமாக இருக்கிறது. 1841-ஆம் ஆண்டு ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி பெர்சீலியஸ் இதற்கு முதலில் பெயர் வைத்தார்.

தனிமம் என்றால் ஒரே வகை அணுக்களால் ஆன பொருள். அந்த அணுக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும் ஒழுங்கு ஒரே மாதிரிதான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அதே செங்கல்லை வைத்துக் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பலாம், முற்றத்துக்குத் தளமும் பாவலாம். செங்கல் ஒன்றுதான், கட்டுமானம் வேறு. கட்டுமானம் மாறினால் கடினம், நிறம், எடை, உருகும் சூடு, சில சமயம் விஷத்தன்மைகூட மாறிவிடும். பனிக்கட்டி, தண்ணீர், நீராவி ஆகியவற்றை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அவை ஒரு பொருளின் திட, திரவ, வாயு நிலைகள். தவிர, தண்ணீர் ஒரு தனிமமும் அல்ல. இங்கே நாம் பேசுவது பெரும்பாலும் திடப்பொருளாக இருந்துகொண்டே வேறு திடப்பொருளாக மாறும் விந்தையைப் பற்றி.

கரியைப் பற்றி எல்லாப் புத்தகங்களிலும் இருப்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வைரத்தில் ஒவ்வொரு கரியணுவும் நான்கு திசையிலும் நான்கு அணுக்களை இறுகப் பிடித்திருக்கிறது. எந்தப் பக்கம் அழுத்தினாலும் அசையாது. கிராஃபைட்டில் மூன்று அணுக்களோடுதான் பிடி. அறுகோணக் கோலம் போட்டது போலத் தகடு தகடாக அமைந்திருக்கும். தகட்டுக்குள் பிடி பலமானது. தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் பலவீனம். அதனால் தகடுகள் வழுக்கிக்கொண்டு பிரியும், பென்சில் காகிதத்தில் எழுதும். மின்சாரமும் கிராஃபைட்டில் பாயும், வைரத்தில் பாயாது. பாந்த்ரா குர்லா வளாகத்தில் 2010-இல் திறந்த வைரச் சந்தையில் கேரட் கணக்கில் நிறுத்து விலை பேசுவதும் கரிதான். சற்றுத் தள்ளிக் குர்லா வழியாக ஓடும் மின்ரயிலின் தலையில், பேண்டோகிராஃபில் கம்பியைத் தேய்த்துக்கொண்டு போகும் பட்டையும் கரிதான். இரண்டும் ஒன்று என்பதை ஸ்மித்சன் டெனன்ட் என்ற ஆங்கிலேயர் 1797-இல் வைரத்தை எரித்தே காட்டினார். ஒரே எடையுள்ள வைரமும் கரியும் எரிந்து ஒரே அளவு கரியமில வாயுவைக் கொடுத்தன. நம் சிவகங்கைச் சீமையில் கிராஃபைட் வெட்டி எடுக்கிறார்கள் என்பது இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது.

மழைக்காலத்தில் பேண்டோகிராஃபுக்கும் கம்பிக்கும் நடுவே நீலப் பொறி பறக்கும்போது ஒரு காரமான நெடி வரும். அது ஓசோன். நாம் மூச்சு விடும் ஆக்ஸிஜன் இரண்டு அணுக்கள் சேர்ந்தது, ஓசோன் மூன்று சேர்ந்தது. வானத்தின் உயரத்தில் அது சூரியனின் புறஊதாக் கதிரைத் தடுத்து நம்மைக் காக்கிறது. தெரு மட்டத்தில் அதையே மூச்சில் இழுத்தால் நுரையீரலுக்குக் கெடுதல்.

இனி அடுக்களைக்கு வருவோம். நம் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு இருக்கிறதே, அது வெள்ளீயத்தால் ஆனது. காரீயம் என்பது வேறு தனிமம். அது கலந்த சொம்பில் புளி ரசம் வைத்தால் புளிப்பு அதைக் கரைத்து வயிற்றுக்குள் அனுப்பிவிடும். ஆகையால் மாதுங்காவிலோ ஊரிலோ சொம்பு வாங்குகிறவர்கள் விலையைப் பார்க்காமல் நம்பிக்கையான கடையில் சுத்த வெள்ளீயமாக வாங்க வேண்டும். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். அதனால்தான் வெறும் சொம்பை அடுப்பில் வைக்கக் கூடாது என்று பாட்டிமார்கள் சொன்னார்கள். உள்ளே ரசம் இருக்கும் வரை சூடு 100 டிகிரிக்குப் பெரிதாக மேலே போகாது. ரசம் வற்றினால் சொம்பும் போய்விடும்.

அந்த வெள்ளீயத்துக்கு இன்னொரு உருவம் உண்டு. 13.2 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த நிலையில் அதன் இயல்பான உருவம் சாம்பல் நிறமானது, உலோகத் தன்மை இழந்தது. வெள்ளை உருவத்தின் அடர்த்தி 7.3; சாம்பல் உருவத்துக்கு 5.8-க்கும் குறைவு. அதாவது நூறு பங்கு இடத்தில் இருந்தது நூற்று இருபத்தேழு பங்கு இடம் கேட்கும். உள்ளே இருந்து உப்பி, வெடித்து, பொடிப்பொடியாக உதிரும். ஐரோப்பாவின் குளிர்ந்த ஊர்களில் தேவாலயத்து ஆர்கன் குழாய்கள் இப்படிப் பொடிந்ததுண்டு. 'ஈய நோய்' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். நெப்போலியன் படை வீரர்களின் சட்டைப் பித்தான் ரஷ்யக் குளிரில் பொடியானதால்தான் போரில் தோற்றார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆதாரம்தான் இல்லை. ஏனென்றால் இந்த மாற்றம் 13 டிகிரியில் கிட்டத்தட்ட நடக்கவே நடக்காது. பூஜ்யத்துக்குக் கீழே 30, 40 டிகிரி குளிரில்தான் வேகம் பிடிக்கும், அப்போதும் தொடங்கவே நெடுநாள் ஆகலாம். ஆகவே ரசத்தோடு சொம்பைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டோமே என்று யாரும் கவலைப்பட வேண்டாம். கனடாவுக்கு மகளோடு சொம்பையும் அனுப்புகிறவர்கள் அதைப் பனியில் வெளியே போட்டுவைக்காமல் வீட்டுக்குள் வைக்கச் சொல்லுங்கள், அது போதும்.

இந்த உதாரணத்தில் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஓர் உருவம் 'இயல்பானது' என்பதால் பொருள் உடனே அந்த உருவத்துக்குப் போய்விடும் என்று அர்த்தமில்லை. மாறுவதற்கு அணுக்கள் இடம் பெயர வேண்டும், அதற்குச் சூடோ காலமோ வேண்டும். சாதாரண நிலையில் வைரத்தைவிடக் கிராஃபைட்டே நிலையானது. அதற்காக யாருடைய மூக்குத்தியும் கறுத்துப் போகவில்லை.

நான் பிழைத்த பிழைப்பு இரும்போடு. அதனால் இரும்பைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகப் பேச அனுமதிக்க வேண்டும்.

அறைச் சூட்டில் இரும்பணுக்கள் ஒரு கனசதுரத்தின் எட்டு மூலையிலும் ஒவ்வொன்றும், நடுவயிற்றில் ஒன்றுமாக நிற்கின்றன. இது ஆல்பா இரும்பு. 912 டிகிரிக்குச் சூடாக்கினால், உருகாமல் திடமாக இருக்கும்போதே, அணுக்கள் இடம் மாறி மூலைகளிலும் ஒவ்வொரு முகத்தின் நடுவிலுமாக நிற்கின்றன. இது காமா இரும்பு. 1394 டிகிரிக்கு மேல் மறுபடி பழைய ஒழுங்குக்கே வந்து டெல்டா இரும்பாகி, 1538-இல் உருகுகிறது. நடுவில் பீட்டா எங்கே என்று கேட்பீர்கள். 770 டிகிரியில் இரும்பு காந்தத் தன்மையை இழப்பதைப் பார்த்து அதையும் தனி உருவம் என்று நினைத்துப் பீட்டா என்று பெயர் வைத்தார்கள். பிறகு அணு வரிசை அங்கே மாறவில்லை என்று தெரிந்ததும் பெயரை எடுத்துவிட்டார்கள்.

பாலிடெக்னிக்கில் ஒரு செய்முறை காட்டுவார்கள். நீளமான இரும்புக் கம்பியை இரண்டு தூணுக்கு நடுவே கட்டி, நடுவில் சிறு எடையைத் தொங்கவிட்டு, மின்சாரம் பாய்ச்சிப் பழுக்கச் செய்வார்கள். கம்பி நீண்டு தொய்யும். மின்சாரத்தை நிறுத்தினால் குளிர்ந்து சுருங்கி மேலே ஏறும். பாதி வழியில் திடீரென்று ஒரு குலுக்கலோடு கீழே இறங்கி, ஒரு கணம் சற்றுப் பிரகாசமாக ஒளிர்ந்து, மறுபடி ஏறும். நெருக்கமாக அடுக்கிய காமா, இடைவெளி அதிகமுள்ள ஆல்பாவாக மாறும்போது இரும்பு விரிகிறது. அந்த மாற்றத்தில் சூடும் வெளியாகிறது. கண்ணால் பார்க்க முடியாத அணுக்கள் இடம் மாறியதைக் கண்ணால் பார்க்கும் வழி அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்து.

இதில் நமக்கு என்ன? காமா இரும்பு கரியை இரண்டு சதவீதம் வரை தன்னுள் கரைத்துக்கொள்ளும். ஆல்பா இரும்பால் 0.02 சதவீதம்தான் முடியும். பழுக்கக் காய்ந்த எஃகு மெல்லக் குளிர்ந்தால் கரி வெளியேறித் தனி அடுக்காகப் படிய நேரம் கிடைக்கிறது. நம் தண்டவாளம் அப்படிப்பட்டது, கரி 0.6 முதல் 0.8 சதவீதம். சட்டென்று தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் கரிக்கு வெளியே போக நேரமில்லை. அணு வரிசைக்குள் சிக்கிக்கொண்டு அதைக் கோணலாக்கிவிடுகிறது. கண்ணாடி போலக் கடினம், கண்ணாடி போல உடையும். ஊர்க் கொல்லர் அரிவாளைத் தோய்த்துவிட்டு மறுபடி லேசாகச் சூடு காட்டுவது இந்த உடையும் குணத்தைத் தணிக்கத்தான். அவர் படித்ததில்லை, ஆனால் பழுப்பின் நிறத்தைப் பார்த்தே 50 டிகிரி வித்தியாசத்தைச் சொல்லிவிடுவார்.

கத்தியில் வேண்டியது ரயில் சக்கரத்தில் வேண்டாதது. பிரேக் இறுகிச் சக்கரம் சுழலாமல் தண்டவாளத்தில் வழுக்கிப் போகும்போது, உராயும் இடத்தில் ஒரு பெரிய காசளவு பரப்பு நொடிக்குள் காமா நிலைக்குப் போய்விடும். ரயில் நின்றதும் அடியில் இருக்கும் குளிர்ந்த சக்கரமே அந்தச் சூட்டை இழுத்துக்கொள்ளும். தோய்த்து எடுத்தது போலத்தான். அந்த இடம் உடையும் தன்மையுள்ளதாகி, நாளடைவில் சில்லுச் சில்லாகப் பெயரும். லோக்கலில் போகும்போது ஒரு பெட்டியில் மட்டும் 'தட் தட் தட்' என்று ஒரே சீராகச் சத்தம் வந்தால் அது பெரும்பாலும் இப்படித் தட்டையான சக்கரம். பயணிகள் பெட்டியில் அந்தத் தட்டை 50 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. லேத்தில் கடைந்து சரி செய்யும்போது தட்டை மறைந்தால் போதும் என்று நிறுத்திவிடக் கூடாது. கடினமான அந்த அடுக்கு முழுவதும் போக வேண்டும். வேலை அவசரத்தில் இந்த அரை மில்லிமீட்டருக்காக நான் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். சக்கரம் ஓட்டத்தில் பிளந்தால் தடம் புரள்வதுதான் முடிவு.

காமா உருவத்தை அறைச் சூட்டிலேயே நிறுத்தி வைக்க முடியுமா? முடியும். 1882-இல் ராபர்ட் ஹாட்ஃபீல்டு எஃகில் 12, 13 சதவீதம் மாங்கனீஸ் சேர்த்தபோது அது ஆல்பாவுக்குத் திரும்பாமல் காமாவாகவே நின்றது. காந்தம் ஒட்டாது; அடிக்க அடிக்க மேற்பரப்பு இறுகும். பாயின்ட் இருக்கும் இடங்களில் ஒரு தண்டவாளம் இன்னொன்றைக் கடக்கும் கிராஸிங்குகளை இந்த எஃகில் வார்க்கிறார்கள். சக்கரங்கள் எகிறி விழுந்து அடிக்கும் இடம் அல்லவா?

தேவ்நாரில் குடியிருக்கும் நமக்கு டிராம்பே மலை கண்ணுக்கு எதிரே. அங்கே உள்ள அணு ஆராய்ச்சி நிலையத்திலும் இதே கணக்குத்தான். யுரேனியத்துக்கு மூன்று உருவங்கள், புளூட்டோனியத்துக்குச் சாதாரண அழுத்தத்திலேயே ஆறு. 1960 முதல் 2010 வரை இயங்கிய சைரஸ் உலைக்கும், 1985-இல் தொடங்கிய துருவா உலைக்கும் எரிபொருள் யுரேனிய உலோகக் கோல்கள். ஆல்பா யுரேனியம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக விரியாது. அதன் பரல்கள் ஒரே பக்கம் பார்த்து நின்றால் கோல் உலைக்குள் நீண்டுகொண்டே போய் உறையைக் கிழிக்கும். அதற்காகக் கோலைப் பீட்டா நிலைக்குச் சூடாக்கிக் குளிர வைத்துப் பரல்களை நாலாபக்கமும் பார்க்கும்படி கலைத்துவிடுவார்கள். அனுசக்தி நகரில் இருக்கும் நம் அன்பர்கள் இதை என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

கடைசியாகப் பாஸ்பரஸ். இதை மட்டும் பெரியவர்களும் நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன்.

1669-இல் ஹாம்பர்க் நகரத்து ஹென்னிக் பிராண்ட் என்பவர் பொன் செய்யும் ஆசையில் மனித சிறுநீரைக் காய்ச்சி வடித்தபோது இருட்டில் ஒளிரும் ஒரு மெழுகு கிடைத்தது. அது வெள்ளைப் பாஸ்பரஸ். நான்கு அணுக்கள் ஒரு கூம்பு போல ஒட்டி நிற்கும் சிறு மூலக்கூறு. அந்த நெருக்கத்தில் பிணைப்புகள் வளைந்து முறுக்கேறி நிற்பதால் எப்போது விடுபடுவோம் என்று காத்திருக்கும். 44 டிகிரியில் உருகும், காற்றில் தானாகவே தீப்பிடிக்கும், தண்ணீருக்கடியில்தான் வைக்க வேண்டும், கொடிய விஷம். காற்றுப் படாமல் 250 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் அந்தக் கூம்புகள் அவிழ்ந்து ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோத்துக்கொள்ளும். அது சிவப்புப் பாஸ்பரஸ். தானாகத் தீப்பிடிக்காது, விஷமும் மிகக் குறைவு. 1840-களில் வியன்னாவில் ஷ்ரோட்டர் என்ற பேராசிரியர் இதைத் தெளிவாக்கினார். ஒரு பத்தாண்டுக்குள் ஸ்வீடனில் சிவப்புப் பாஸ்பரஸைப் பெட்டியின் பக்கத்தில் பூசி, குச்சியில் மற்ற மருந்தை வைத்துப் பாதுகாப்பான தீப்பெட்டியும் வந்துவிட்டது.

ஆனால் வெள்ளைப் பாஸ்பரஸ் குச்சி மலிவு. எந்தச் சுவரில் கிழித்தாலும் பற்றும். ஆகவே மேலும் ஐம்பது ஆண்டுகள் அதுவே ஓடியது. அதைச் செய்த பெண்களும் சிறுவர்களும் அந்த ஆவியை நாள் முழுவதும் சுவாசித்தார்கள். சொத்தைப் பல் வழியாக அது தாடை எலும்புக்குப் போய், எலும்பு உயிரோடு அழுகியது. தாடையையே அறுத்து எடுத்தால்தான் பிழைக்கலாம் என்ற நிலை. 1888 ஜூலையில் லண்டனில் பிரையன்ட் அண்டு மே தீப்பெட்டித் தொழிற்சாலையில் சுமார் 1,400 பெண்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அபராதங்கள் ஒழிந்தன, பாஸ்பரஸ் படாத தனி அறையில் உட்கார்ந்து சாப்பிடும் உரிமையும் கிடைத்தது. அவர்கள் நிலைமையை அதற்கு முந்தைய மாதம் பத்திரிகையில் எழுதி வெளிச்சம் போட்டவர் அன்னி பெசன்ட் அம்மையார். பின்னாளில் சென்னை அடையாறில் வாழ்ந்து 1933-இல் அங்கேயே மறைந்தவர். வொர்லியில் அவர் பெயரால் இருக்கும் சாலையில் தினமும் போகிறோம்.

1906-இல் பெர்ன் நகர ஒப்பந்தம் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்தது. இந்தியாவில் 1913-இல் சட்டம் வந்தது. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பியதும், ஸ்வீடன்காரர்களின் விம்கோ கம்பெனி தொடங்கியதும் 1923 வாக்கில். அம்பர்நாத்தில் விம்கோ நாகா, திருவொற்றியூரில் விம்கோ நகர் ஸ்டேஷன் என்று அந்தப் பெயர் இன்றும் ரயில் பாதையோரம் நிற்கிறது. ஆக, நம்மவர்கள் இத்தொழிலில் இறங்குவதற்குப் பத்து ஆண்டு முன்பே வெள்ளை உருவம் சட்டப்படி வெளியேறியிருந்தது. சிவகாசிக்கு வேறு துயரங்கள் உண்டு. குழந்தைகள் கட்டை அடுக்கியதும், குளோரேட்டும் சிவப்புப் பாஸ்பரஸும் ஒன்றாகக் கலந்தால் வெடிக்கும் என்பதும் நாம் அறிந்ததே. அந்த இரண்டையும் பிரித்து ஒன்றைக் குச்சியிலும் மற்றதைப் பெட்டியிலும் வைத்திருப்பதில்தான் தீப்பெட்டியின் சூட்சுமம் இருக்கிறது. கிழிக்கும்போது உராய்வில் ஒரு தூசியளவு சிவப்பு, வெள்ளையாக மாறிப் பற்றுகிறது. ஒவ்வொரு முறை சாமி விளக்கு ஏற்றும்போதும் நம் விரல் நுனியில் ஓர் உருவ மாற்றம் நடக்கிறது.

தீப்பெட்டியை விட்டுப் போன அந்த விஷம் வேறு வழியாக வீட்டுக்குள் வந்துவிட்டது. கடைகளில் டியூபில் விற்கும் சில எலிப் பசைகளில் மஞ்சள் பாஸ்பரஸ் இருக்கிறது. மஞ்சள் என்பது வெளிச்சம் பட்டு நிறம் மாறிய வெள்ளைப் பாஸ்பரஸ்தான். எலிக்காக அதை ரொட்டியிலோ தக்காளியிலோ தடவி மூலையில் வைக்கிறோம். தவழும் குழந்தைக்கும் அது ரொட்டிதான். இந்த விஷத்தின் வஞ்சகம் என்னவென்றால், முதலில் வாந்தி எடுத்துவிட்டு ஓரிரு நாள் குழந்தை நன்றாக விளையாடும். அதற்குள் ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். இதற்கென்று தனி மாற்று மருந்து கிடையாது. ஆகவே சந்தேகம் வந்த நிமிடமே, குழந்தை சிரித்துக்கொண்டிருந்தாலும், பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். டியூபையும் கையோடு கொண்டு போய் டாக்டரிடம் காட்ட வேண்டும். வீட்டில் வாந்தி எடுக்க வைப்பது, எண்ணெய் கொடுப்பது போன்ற கைவைத்தியம் கூடாது. வாங்கும்போதே டியூபில் சிறிய எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். 'மஞ்சள் பாஸ்பரஸ்' என்று ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எங்கள் கட்டடத்தில் இப்போது பழைய மரப்பொறிதான். வாரத்துக்கு அரை மசால்வடை செலவாகிறது.